தீப்பெட்டி எத்தனாவது நோட்டில் வழுக்கும்?

ஜூலை 1, செவ்வாய்

இன்று காலை இடைவேளை மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது, அதாவது சரியாகப் பத்து முப்பத்தொன்பதுக்கு, நாலாம் வகுப்பு ரூபாவதி டீச்சர் வராந்தாவில் வழுக்கி விழுந்தார். இவ்வளவு துல்லியமாக உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே, டைரி. நீ கேள்வி கேட்க மாட்டாய் என்பதால்தான் உன்னிடம் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே காம்பவுண்டு. பொடிசுகள் கட்டடத்தையும் எங்கள் கட்டடத்தையும் சேர்ப்பது அந்த நீளமான மொசைக் வராந்தா. டீச்சர் கையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. வலது கையால் பெட்டியைப் பிடித்தபடி இடது கையை ஊன்றி விழுந்தார். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஹெச்.எம். ஞானதுரை சார் ஓடி வந்தார். அவர் ஓடி கோவில்பட்டியே பார்த்ததில்லை.

"இந்தத் தரைய யாரு தொடச்சது?"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மாடத்தியக்கா வந்தார். பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைப்பவர் அவர்தான்.

"நாந்தான் சார். காலைல எட்டரைக்கு."

"ஒழுங்காப் பிழிஞ்சு தொடைக்க மாட்டீகளா? பாருங்க, என்ன ஆச்சுன்னு!"

மாடத்தியக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் என் துப்பட்டாவை நானே துவைத்தேன். அம்மா ஓடி வந்து நெற்றியில் கை வைத்து, "காச்சலா?" என்றாள்.

ஜூலை 2, புதன்

மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. இன்று வேறு எதுவும் எழுத வரவில்லை.

ஜூலை 3, வியாழன்

ஹெச்.எம். எங்கள் பதினொன்றாம் வகுப்புக்கு வந்தார். ரூபாவதி டீச்சர் தினமும் கடைசி பீரியட் நாலாம் வகுப்புக்கு அறிவியல் சோதனை செய்து காட்டுவாராம். அவர் வரும்வரை அந்த ஒரு பீரியடைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்.

"யாரு போறீக?"

எல்லோரும் மேசையில் எறும்பு தேடினார்கள். என் கை மேலே போனது. எப்படிப் போனது என்று சத்தியமாகத் தெரியவில்லை. புவியீர்ப்பு விசை அந்த நிமிடம் லீவில் இருந்திருக்க வேண்டும்.

ஹெச்.எம். என்னை நம்பாமல் பார்த்தார். போன வருஷம் அவர் அறை வாசலில் இருந்த 'தலைமை ஆசிரியர்' பலகையில் ஒரு துண்டுத்தாள் ஒட்டி 'தலைவலி ஆசிரியர்' ஆக்கியது யார் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. ரொம்பச் சரியான சந்தேகம்.

"சுடர்மதி, நீயா? எதுக்கு?"

"சமூக சேவை சார்."

பின்பெஞ்சு முழுக்கச் சிரித்தது. பேச்சி மட்டும் சிரிக்கவில்லை. என் உயிர்த்தோழி. பெயர்தான் பேச்சி, ஒரு நாளைக்கு எட்டு வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டாள். இன்றைய செலவு ஐந்து: "ஏட்டி, நீ எதுக்கு அங்க போற?"

ஜூலை 4, வெள்ளி

இருபத்தாறு பொடிசுகள். ஐம்பத்திரண்டு கண்கள்.

இவர்களிடம் ரூபாவதி டீச்சர் சில பழக்கங்களை ஏற்றிவிட்டிருக்கிறார். ஒவ்வொரு நோட்டிலும் மூன்று கட்டம்: நினைச்சது, செஞ்சது, நடந்தது. எந்தச் சோதனையையும் மூன்று தடவை செய்தால்தான் கணக்கில் வரும். அப்புறம், யார் என்ன சொன்னாலும் எல்லோரும் சேர்ந்து "செஞ்சு பாத்தீங்களா?" என்று கேட்பார்கள்.

எனக்கு இது தெரியாது. வகுப்பை ஆரம்பிக்க வேண்டுமே என்று, "கனமான பொருள்தான் சீக்கிரம் கீழ விழும்" என்று சொல்லித் தொலைத்தேன்.

"செஞ்சு பாத்தீங்களா?"

செய்தார்கள். ரப்பரையும் ஜியாமெட்ரி பாக்ஸையும் ஒரே உயரத்திலிருந்து விட்டார்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தன. மூன்று தடவை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் மாணவியின் மானம் நாலாவதாக விழுந்தது.

மானத்தை மீட்க, தம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து அட்டையால் மூடித் தலைகீழாகக் கவிழ்த்தேன். காற்றழுத்தம் அட்டையைத் தாங்கும். தாங்கியது. ஒரு விநாடி. அப்புறம் தண்ணீரை முதல் பெஞ்சு ரெக்ஸின் தலை தாங்கியது.

"சூப்பர்க்கா! இன்னொருக்க ஊத்துங்க!"

அவன் பக்கத்தில் ஹாஜிரா என்று ஒரு பெண். இரட்டைச் சடை, எப்போதும் கூராக இருக்கும் பென்சில். மூன்றாவது கட்டத்தில் அழகாக எழுதினாள்: 'ரெக்ஸ் நனைந்தான்.'

ஜூலை 7, திங்கள்

பாட்டிலில் கரிசல் மண், செம்மண், ஆற்று மணல் மூன்றையும் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தோம். மணல் முதலில் இறங்கி அடியில் உட்கார்ந்தது. கரிசல் பீரியட் முடியும்வரை இறங்கவே இல்லை, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தது.

"ஏங்க்கா கரிசல் மட்டும் உக்கார மாட்டேங்குது?" என்றான் ரெக்ஸ்.

"பொடி ரொம்பச் சின்னதுல்ல? சின்னதுக உக்காந்து எங்க பாத்திருக்க?"

இருபத்தாறு பேரும் எழுந்து நின்று சிரித்தார்கள்.

இதில் எனக்கு ஒன்றும் சந்தோஷம் இல்லை. தண்டனை பீரியட்தான். நாளைக்குக் காந்தம் கொண்டு போக வேண்டும், மறக்கக் கூடாது.

ஜூலை 8, செவ்வாய்

காந்தத்தை எடுத்துப் போகவே இல்லை.

மாடத்தியக்காவை வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்களாம். இருபத்தைந்தாம் தேதி கமிட்டிக் கூட்டம். ஹெச்.எம். கடிதம் கொடுத்துவிட்டாராம், கமிட்டி கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பதினாலு வருஷமாக இங்கே வேலை பார்ப்பவர்.

தண்ணீர்க் குழாயடியில் பேச்சி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள். மூன்று நாள் வார்த்தையை ஒரே மூச்சில் செலவழித்தாள்.

"ஏட்டி, வாயத் தொறந்திராத. இருபத்தாறாம் தேதி மாவட்டக் கேரம் போட்டி. ரெண்டு வருஷமா இதுக்குத்தான உயிர விட்ட? ஹெச்.எம்.முக்குத் தெரிஞ்சா போர்டு பக்கமே விட மாட்டாரு."

"நான் என்னட்டி தொறந்தேன்?"

"உன் மூஞ்சி தொறந்து கெடக்கு."

ஜூலை 10, வியாழன்

இன்றைய சோதனை: தண்ணீர் எங்கே போகிறது? கடல், மேகம், மழை என்று படம் போட்டு முடிக்கலாம் என்றுதான் போனேன். வகுப்பு விடவில்லை. வராந்தாவுக்கு இழுத்து வந்தார்கள்.

ஒரு தம்ளர் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அதைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு. தண்ணீர் சுருங்கச் சுருங்கக் கோட்டுக்குள் கோடு விழுந்து வெங்காயத்தை வெட்டியது போல் ஆனது. பக்கத்தில் ஈரத்துணியால் ஒரு சதுரம் துடைத்துவிட்டார்கள். வெளியே வேப்பமரத்தைப் பிடுங்குகிற மாதிரி காற்று. துடைத்த சதுரம் ஏழே நிமிடத்தில் காய்ந்தது. மூன்று தடவை. ஏழு, ஏழு, ஆறரை.

ஹாஜிரா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தாள்.

"சுடரக்கா, ஆயாம்மா எட்டரைக்குத் தொடச்சாக. டீச்சர் பத்து நாப்பதுக்கு விழுந்தாக. அந்தத் தண்ணி எப்படிக்கா அதுவரைக்கும் இருக்கும்?"

"மணி அடிச்சிருச்சு. எல்லாரும் பையத் தூக்குங்க."

"அடிக்கலையேக்கா."

அடிக்கவில்லைதான். இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

காந்தம், குண்டூசி, இரும்புத்தூள். ஊரிலேயே நல்ல காந்தம். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. கரும்பலகையில் யாரோ எழுதி வைத்திருந்தார்கள்: 'தண்ணி இல்லன்னா டீச்சர் எதுல வழுக்குனாக?'

மூன்றாவது தூணடியில் மொசைக் தரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு வெடிப்பு உண்டு. ரெக்ஸ் அதற்குள் குச்சி விட்டுச் சுரண்டி, வெள்ளையாக ஒரு பொடியை எடுத்துவிட்டான். ஒரு தீப்பெட்டிக்குள் பத்திரமாகப் போட்டு மேலே எழுதியிருக்கிறான்: 'மர்மப் பவுடர். தொடாதே.'

தொட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

ஜூலை 14, திங்கள்

தடுத்துப் பார்த்தேன். எரிமலை செய்யலாம் என்றேன், பலூன் ராக்கெட் என்றேன். ஓட்டெடுப்பில் இருபத்தாறுக்கு ஒன்று. அந்த ஒன்று நான்.

சோதனை இதுதான். ஒரு பலகை. அதன் மேல் காலித் தீப்பெட்டி. இந்த ஊரில் காலித் தீப்பெட்டிக்கா பஞ்சம், பாதிப் பேர் வீட்டில் மூட்டை மூட்டையாக ஒட்டுகிறார்கள். பலகையின் ஒரு முனைக்கு அடியில் நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போக வேண்டும். எத்தனாவது நோட்டில் பெட்டி வழுக்குகிறது என்று பார்க்க வேண்டும். சீக்கிரம் வழுக்கினால் உராய்வு குறைவு.

வெறும் பலகை: ஒன்பது நோட்டு. கோலமாவு: எட்டு. ஈரப் பலகை: பன்னிரண்டு! ஈரத்தில் அட்டை ஒட்டிக்கொண்டது.

"டீச்சர் என்ன தீப்பெட்டியா மாட்டிட்டு வந்தாக? செருப்புல்லா போட்டிருந்தாக?" என்றான் ரெக்ஸ். நியாயமான கேள்வி. செருப்பை இன்னொரு நாள் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டேன்.

கடைசியாக மர்மப் பவுடர். இங்கேதான் என் கைவரிசை. தீப்பெட்டியின் பக்கவாட்டில் குச்சி உரசுகிற கரடுமுரடான பட்டை இருக்கிறதல்லவா? அதில் இரண்டை வெட்டி ஒரு பெட்டியின் அடியில் ஒட்டி எடுத்துப் போயிருந்தேன். பவுடர் தூவிய பலகையில் அந்தப் பெட்டியை நானே வைத்தேன். நோட்டு அடுக்கினார்கள். நாலு, ஆறு, எட்டு. ஒன்பதாவதில்தான் வழுக்கியது.

"பாத்தீங்களா? வெறும் பலகை மாதிரியேதான். இந்தப் பவுடருக்கும் வழுக்குறதுக்கும் சம்பந்தமே இல்ல. கேஸ் முடிஞ்சது."

மூன்று தடவையும் நானே வைத்தேன். மூன்று தடவையும் ஒன்பது. 'தலைவலி ஆசிரியர்' பலகைக்கு அப்புறம் நான் செய்ததிலேயே சுத்தமான வேலை இது.

ஜூலை 15, செவ்வாய்

ஹாஜிரா நேற்றுக் கொஞ்சம் மர்மப் பவுடரை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். அவள் அம்மா தீப்பெட்டி ஒட்டுபவர். சோறு வடிக்கிற பலகையில் அவளே தனியாகச் செய்து பார்த்திருக்கிறாள்.

நோட்டை என்னிடம் கொண்டு வந்து காட்டினாள். நாலு நோட்டு. நாலு நோட்டு. நாலு நோட்டு. மூன்றின் மேலும் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு. கீழே: 'நான் செய்தது தவறு.'

"எதுக்கு அடிச்ச?"

"நீங்க செஞ்சப்ப ஒம்பது வந்துச்சுல்லக்கா. எனக்குத்தான் சரியாப் பண்ணத் தெரியல." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "கண்ணாலதான் பாத்தேன். நாலு மாதிரிதான் இருந்துச்சு. எங்கண்ணு சரியில்லையோ என்னமோ."

இவளிடம் ஏதாவது ஜோக் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கலாம். என் கைவசம் எப்போதும் ஒன்று இருக்கும். இன்று இல்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. காலை எட்டே கால்.

மாடத்தியக்கா வராந்தாவைத் துடைத்தார். துடைத்த இடத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, காய்ந்த துணியால் மறுபடியும் ஒவ்வொரு முழமாக ஒற்றி எடுத்தார். இப்போதெல்லாம் தினமும் இப்படித்தானாம். காற்றே ஏழு நிமிடத்தில் செய்துவிடும் வேலை.

"என்ன கண்ணு, நாலாம் வகுப்பு டீச்சரம்மா! காலங்காத்தால வந்துட்டீக?"

"சும்மாதான்க்கா. எதுக்கு ரெண்டு தரம் தொடைக்கீங்க?"

"பிழியுறதுல எங்கயோ விட்டுட்டேன்போல. பதினாலு வருசத்துல ஒருத்தரும் விழுந்ததில்ல." துணியை முறுக்கிப் பிழிந்து காட்டினார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. "இந்தா பாரு, இன்னும் ஈரம் நிக்குதா, சொல்லு."

நிற்கவில்லை என்றேன். அவர் நம்பவில்லை.

ஜூலை 18, வெள்ளி

நினைச்சது: எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.
செஞ்சது:
நடந்தது: ஒருத்தர்தான் விழுந்தார்.

நடுக்கட்டம் இன்னும் எழுத வரவில்லை.

ஜூலை 21, திங்கள்

அந்தத் தீப்பெட்டியை வகுப்புக்குக் கொண்டு போய்த் திருப்பிக் காட்டினேன். அடியில் ஒட்டிய பட்டை.

"ஹாஜிராவோட நாலுதான் சரி. என்னோட ஒம்பது திருட்டு ஒம்பது."

ஹாஜிரா பெட்டியை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அப்புறம் நோட்டைத் திறந்தாள். சிவப்புக் கோட்டை அழிக்க முடியவில்லை. மேலேயே மறுபடி எழுதினாள், முன்னைவிடப் பெரிதாக: நாலு, நாலு, நாலு.

"எதுக்குக்கா ஏமாத்துனீக?" ரெக்ஸ் கேட்டான்.

"நாளைக்கு ஹெச்.எம். சாரக் கூப்பிடுங்க. அவரு முன்னாடி சொல்றேன்."

"இப்பவே சொல்லலாம்ல?"

"இன்னொருக்க சொல்றதுக்குத் தைரியம் மிச்சம் இருக்காதுடா."

ஜூலை 22, செவ்வாய்

மூன்று இருபத்தைந்து. வராந்தா. ஹெச்.எம்.மைக் கையைப் பிடித்து இழுத்து வந்தது ரெக்ஸ். மாடத்தியக்காவை வழக்கம்போல ஓர் இடத்தைத் துடைக்கச் சொன்னாள் ஹாஜிரா. காய்ந்த துணி கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் ஹெச்.எம். "தண்ணியிலதான் வழுக்குனாகன்னு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?"

இருபத்தாறு குரல்: "செஞ்சு பாத்தீங்களா சார்?"

ஹெச்.எம். வாயை மூடினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நிமிடம் நாற்பது விநாடியில் தரை காய்ந்தது. குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஈரம் இல்லை.

அடுத்து அவருடைய வலது ஷூவை வாங்கிக்கொண்டார்கள். கிழிந்த சாக்ஸோடு ஹெச்.எம். ஒற்றைக்காலில் நிற்க, ஷூ பலகையில் ஏறியது. வெறும் பலகையில் பதினான்கு நோட்டு. ஈரத்தில் பத்து. மர்மப் பவுடரில் அஞ்சாவது நோட்டிலேயே சர்ரென்று இறங்கி ரெக்ஸ் மடியில் விழுந்தது.

"இது என்ன பவுடர்?"

நான் பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். "கேரம் போர்டு பவுடர் சார். என்னோடது. அன்னைக்கு மணி அடிக்க அஞ்சு நிமிசம் முன்னாடி, தண்ணி குடிக்கன்னு சொல்லிட்டு வந்து இங்க தூவுனேன். இடைவேளைல யாரு ரொம்பத் தூரம் சறுக்குறான்னு போட்டி வைக்கலாம்னு. டீச்சர் முன்னாடி வந்துட்டாக. எல்லாரும் டீச்சரப் பாக்கும்போது என் துப்பட்டாவால தொடச்சிட்டேன். மாடத்தியக்கா மேல தப்பே இல்ல சார்."

மூன்று வாரம் வாய்க்குள் வைத்திருந்தது. சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

 மாடத்தியக்கா துடைத்த துணியைப் பிடித்தபடி தூணோடு தூணாக நின்றார்.

ஹாஜிரா நோட்டோடு ஹெச்.எம். முன்னால் போய் நின்றாள். "சார், மூணாவது கட்டத்துல என்ன சார் எழுத?"

ஹெச்.எம். ஷூவை மாட்டிக்கொண்டார். லேஸ் கட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"நடந்தத எழுதும்மா." நிமிர்ந்து மாடத்தியக்கா பக்கம் திரும்பினார். "மாடத்தி, கமிட்டிக்குக் குடுத்த லெட்டர இன்னைக்கே திருப்பி வாங்கிக்கிறேன். நான் விசாரிச்சிருக்கணும்."

மாடத்தியக்கா தலையை மட்டும் அசைத்தார்.

ஜூலை 23, புதன்

அம்மாவை வரச் சொன்னார்கள். அம்மா ஹெச்.எம். அறையில் ஒரு வார்த்தை பேசவில்லை, வீடு வந்து சேரும்வரை திட்டுவதை நிறுத்தவில்லை, வந்த பிறகு என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். இந்த வருஷம் முழுக்க எந்தப் போட்டியும் கிடையாது. என் இடத்தில் பேச்சி ஆடுவாள். என் கேரம் ஸ்ட்ரைக்கரை அவளிடம் கொடுத்தேன். வாங்கும்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை. அது வழக்கம்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

மதியம் மாடத்தியக்காவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். வாளியைக் கீழே வைத்தார்.

"ஒம்மேல கோவம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன் கண்ணு. போன வாரம் பெரியாசுபத்திரிக்குப் போயி வரிசைல நின்னேன். டாக்டர்ட்ட கைய நீட்டி, பிழியுற பலம் போயிருச்சான்னு பாருங்க சார்னு கேட்டேன். கையி நல்லாத்தான இருக்கு, போம்மானு சிரிச்சாரு. அப்பயும் நம்பாமத்தான் வந்தேன்."

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். 

ஜூலை 26, சனி

இந்நேரம் பேச்சி தூத்துக்குடியில் ஆடிக்கொண்டிருப்பாள். நான் ரூபாவதி டீச்சர் வீட்டு வாசலில் நின்றேன். ஹெச்.எம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். டீச்சர் கதவைத் திறந்தார், மாவுக்கட்டைக் கழுத்துத் துணியில் தொங்கவிட்டபடி, தலை அவிழ்ந்து கிடக்க.

"டீச்சர், நான்..."

"தெரியும். போ. எனக்கு இப்பப் பேசப் பிடிக்கல."

கதவைச் சாத்தினார். வெயில். கால் மணி நேரம் கழித்துக் கதவு பாதி திறந்தது.

"இன்னும் போகலையா?"

"பஸ்ஸு இல்ல டீச்சர்."

"எந்த ஊருக்குப் போகணும் நீ?"

"அடுத்த தெருவுக்கு."

அவர் உதடு கோணியது. சிரிப்பை அடக்கினாரா, திட்டை அடக்கினாரா தெரியவில்லை. "வலிச்சுச்சுடி" என்றார். "ரொம்ப வலிச்சுச்சு. இப்பவும் வலிக்குது." நான் தலையைக் குனிந்துகொண்டேன். "பதிலுக்கு ஏதாவது ஜோக் வச்சிருக்கியா?"

"இல்ல டீச்சர்."

முகத்தில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார்.

"தலை பின்னத் தெரியுமா?"

"என் தலைய அம்மாதான் பின்னுவாக."

"ஒத்தக் கையால என்னால முடியல. இருபத்தஞ்சு நாளா எதுத்த வீட்டுக்குப் போயி உக்காந்து பின்னிட்டு வாறேன். இன்னைக்கு அந்தம்மாவும் ஊருல இல்ல." முக்காலியை இழுத்துப் போட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தோளுக்கு மேல் சீப்பு நீண்டது.

முதல் சடை தளர்ந்து இடுப்புக்கு வருவதற்குள் பாதி அவிழ்ந்தது. இரண்டாவது வலப்பக்கம் சாய்ந்தது. இழுக்கும்போது "ஸ்ஸ்" என்றார், நான் கையை எடுத்தேன், "எடுக்காத, பின்னு" என்றார். மூன்றாவதைக் கண்ணாடியில் பக்கவாட்டாகத் திரும்பிப் பார்த்தார்.

"எலி கடிச்ச கயிறு மாதிரி இருக்கு. கட்டுப் பிரிக்க இன்னும் பதினேழு நாளு. தெனம் காலைல ஏழரைக்கு வந்திரு. வேற ஏழரை எதையும் கூட இழுத்துட்டு வந்திராத."

அம்மாவை உட்கார வைத்து இப்போது அரை மணி நேரமாகப் பின்னிப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் அம்மா என்னோடு பேசவில்லை. ஆனால் தலையைக் கொடுத்திருக்கிறாள்.